மாவு மாத்திரை

எண்ணெய் ஒரு சொட்டு கையில் தெறித்தால் போதும், எங்கள் மைனி தங்கமயில், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அலறுவாள். ஜல்லிக்கரண்டியைப் போட்டுவிட்டுக் கையை உதறி, மாவை அள்ளி அப்பிக்கொண்டு, அந்த எண்ணெயை, அதை விற்ற கடைக்காரனை, அடுப்பை, கடைசியில் என்னையும் சேர்த்து வைவாள். நாங்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு, "ஐயோ மைனி, எங்கன பட்டுச்சு?" என்று ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அதற்குத் தனியாக வசவு உண்டு.

என் தோள் வலிக்கு மட்டும் ஒருத்தரும் ஓடி வந்ததில்லை. தோளில் கொப்புளம் வராது. வீங்காது, சிவக்காது. வெளியே தெரியாத வலியை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை படுகிற பாடு இருக்கிறதே, அதற்கு அந்த வலியே தேவலை.

தாராவியில் எங்கள் வீட்டுக் கீழறையில்தான் முறுக்கு போடுகிறோம். வாங்குகிறவர்கள் சக்லி என்பார்கள். மாவைப் பிசைந்து அச்சில் அடைத்துப் பிழிவது நான். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பது மைனி. அவள் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவின் கூடப்பிறந்த அக்காள், பக்கத்துக் கதவு. ஆறினதைப் பாக்கெட்டில் அடைப்பது எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுவது என் வீட்டுக்காரர். மிஷின் வாங்கலாம் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "கையால பிழிஞ்ச சக்லின்னுதான் நமக்குப் பேரே" என்பார். பேர் அவருக்கு, கை எனக்கு.

அச்சைப் பிடித்து அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். மாவு கொஞ்சம் இறுகிவிட்டால் தோளில் கத்தி இறங்கும். தலை சீவக் கை தூக்க முடியாது, ஜாக்கெட் கொக்கி போட முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதுதான் எனக்கு வந்த வினை. எலும்பில் ஒரு சின்னக் கீறலாவது இருந்திருந்தால் நான் மகாராணி. ஒன்றும் இல்லாததால் நடிகையாகிவிட்டேன்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாவ. பெறவு என்னட்டி வலி? சும்மா நாட்டக்" என்றாள் மைனி.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படியே அச்சைத் தூக்கி என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

கடைசியில் ஒரு நாள் முடியவே முடியாமல் போய், அச்சை மைனி மடியில் வைத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே இந்த மாதிரித் தோள் வலிக்காரர்களுக்குப் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டது மாலதி என்கிற பெண். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கழுத்தில் அடையாள அட்டை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "எந்தத் தோள்? எப்போலேருந்து? என்ன பண்ணினா ஜாஸ்தியாறது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காகவே அவள் எதைக் கொடுத்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

அவள் ஒளித்து மறைத்தாள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எல்லாவற்றையும் சொன்னாள். "இங்க பாருங்கோ. பாதிப் பேருக்கு மருந்து இருக்கற மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். நான் புரிந்துகொண்டது வேறு. பம்பாயில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. ரேஷன் ஆபீஸோ கரண்ட் ஆபீஸோ, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் காரியம் முடிந்தது. ஊர் கேட்க "என் கையில் ஒண்ணும் இல்லை" என்பார்கள். சொன்ன பிறகு அந்தக் கையாலேயே நம் தாளை மேலே எடுத்து வைப்பார்கள். தெரியாது என்று சொல்லும்போது மாலதி லேசாகச் சிரித்தாள். ஓகோ, இது அந்தச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நம்ம பிள்ளை, நமக்கு உள்ளதைத்தான் எடுத்துத் தரும். மருந்தில்லாதது வரிசையில் பின்னால் நிற்கிற யாருக்காவது போய்ச் சேரட்டும். பஸ்ஸில் திரும்பும்போது அந்த மாத்திரை டப்பாவைக் கைப்பைக்குள் தாலிச் சங்கிலி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே மாத்திரை கேட்டது. ஒரு நாள் காலையில் மேல்தட்டிலிருந்து ஓமம் டப்பாவை எடுத்துக் கீழே வைத்த பிறகுதான், கை மேலே போனது எனக்கே உறைத்தது. மறுபடி தூக்கிப் பார்த்தேன். போனது. ஜாக்கெட் கொக்கியை நானே போட்டேன். அப்புறம் அச்சை எடுத்தேன். பழைய வலியில் ஒரு பங்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது தூரத்து வீட்டு டிவி மாதிரி, இருக்கிறது, நம்மைத் தொந்தரவு செய்யவில்லை.

சந்தில் என் மாத்திரைக்குப் பேர் வந்துவிட்டது. எங்கள் சந்தில் ஒருத்தருக்குக் கேட்ட மருந்து எல்லாருக்கும் சொந்தம். வயிற்றுவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எல்லாம் கருவேப்பிலை மாதிரி வீட்டுக்கு வீடு போகும். மைனிக்குப் பல்வலி வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "உன் மாத்திரையில ரெண்டு குடுட்டி" என்றாள். கொடுத்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு அரைமணியில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "கைகண்ட மருந்துட்டி. வெலை கூடுனதா இருக்கும்" என்று முப்பிடாதியம்மாளிடம் பெருமையடித்தாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டப்பாவில் மாத்திரை குறைவதைப் பார்த்து மாலதிதான் என்னைக் கடிந்துகொண்டாள். "இது கோவில் பிரசாதம் இல்லை, எல்லாருக்கும் குடுக்கறதுக்கு." சரி சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள், பார்த்தாயா, விலை உயர்ந்த மருந்து, அதனால்தான் இந்தக் கணக்கு பார்க்கிறாள் என்று எனக்கு இன்னும் சந்தோஷம்.

சோதனையின் கடைசி நாளன்று என் வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டர் சஃப்ரீன் என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, இந்தியில் சொல்லச் சொல்ல, மாலதி தமிழில் சொன்னாள். கையில் ஒரு ஊசி ஏற்றி உப்புத் தண்ணீர் இறக்குவார்கள். நடுவில் எப்போதாவது அதில் ஒரு மருந்தைக் கலப்பார்கள். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு வலி கூடலாம், கூடாமலும் போகலாம். வேண்டாம் என்றால் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு இருந்த தெனாவட்டில், "எத்தனை ஊசி வேணும்னாலும் குத்துங்க" என்றேன். வீட்டுக்காரரை வெளியே உட்கார வைத்தார்கள்.

காலையில் வழக்கம்போல மாத்திரை கொடுத்தார்கள். பிறகு கையில் ஒரு மணல் பையைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். சுத்தமாக வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. நான் ஒன்று, ஒன்று, ரெண்டு, ஒன்று என்று சொல்லிக்கொண்டு ஜம்மென்று தூக்கினேன். திரைக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது.

திடீரென்று பை கனத்தது. யாரோ மணலைக் கூட்டிவிட்டார்கள் என்று குனிந்து பார்த்தேன். அதே பைதான். தோளில் அந்தப் பழைய கத்தி இறங்கியது. புதுக் கத்தி இல்லை. இடம் தெரியும், ஆழம் தெரியும், கழுத்துப் பக்கம் திரும்புகிற கோணம் தெரியும். பிரிந்து போன மாமியார் பெட்டியோடு வந்து வாசலில் நிற்கிற மாதிரி நின்றது. "ஏழு!" என்று கத்தினேன். "ஏழு, எட்டு! என்னத்தப் போட்டீங்க?"

வலி தணிய வெகுநேரம் ஆயிற்று. டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து விளக்கினார்கள். நான் சாப்பிட்டது மருந்தில்லாத மாத்திரை. மாவு, அவ்வளவுதான்.

"பெறவு எப்பிடி வலி போச்சு?"

"அதான் விஷயம்" என்றாள் மாலதி. "நம்ம உடம்பு வலியைக் குறைக்கறதுக்குத் தானே ஒரு மருந்து செஞ்சுக்கறது. அபின் ஜாதி மருந்துன்னு வெச்சுக்கோங்கோ. அது மூளையில போய் உட்கார ஒரு எடம் இருக்கு. நல்ல மருந்து சாப்பிட்டுட்டோம்னு நீங்க நம்பினேள், உங்க உடம்பு அந்தச் சரக்கை எடுத்து விட்டுது. இன்னிக்குப் போட்ட ஊசி வலி குடுக்கற ஊசி இல்லை. அந்த எடத்துல போய் உட்கார்ந்துண்டு உங்க உடம்போட மருந்தை உட்கார விடாது, அவ்வளவுதான். உங்க மருந்து நின்னுது, பழைய வலி வந்துடுத்து."

நான் டீயைக் கீழே வைத்தேன். "நீ தமிழ்ப் பிள்ளைன்னு உன்ன நம்பித்தானே இருந்தேன். எனக்கு நல்லதா எடுத்துத் தந்திருப்பேன்னு நெனச்சேன்."

மாலதி திகைத்துப் போனாள். "எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், சத்தியமா. நான்தான் மொதல்லயே சொன்னேனே." டாக்டரம்மாவுக்கு அதை இந்தியில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். மாலதி தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "நீங்க என்னை அப்படி நம்பினதுதான் மருந்தா வேலை செஞ்சிருக்கும்ங்கறார்."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, கப்பைத் தூக்கி எறிவதா? என் வலியும் நிஜம், போனதும் நிஜம், செய்தது என் உடம்பே. எல்லாம் சரி. சாவி மட்டும் இவர்கள் கையில். திறந்து காட்டி, பூட்டிக் காட்டி, நன்றி அம்மா போய்ட்டு வாங்க என்று அனுப்புகிறார்கள்.

"வேணும்னா அந்த மாத்திரையையே இன்னும் கொஞ்சம் தரச் சொல்லட்டுமா?" என்றாள் மாலதி. "மருந்து இல்லைன்னு தெரிஞ்சு சாப்பிட்டாலும் சில பேருக்குக் கேக்கறதாம்."

"எங்க வீட்டுல மூட்டை மூட்டையா மாவு இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, 'மாவு'. அந்த ஊசி, அந்த இடம், உடம்பின் சரக்கு, ஒன்றும் விழவில்லை. பஸ் வருவதற்குள் அக்காளுக்குப் போன் போட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாத மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவை வாயைத் திறந்தார், அதுவும் இதற்கு. நான் சந்துக்குள் நுழையும்போதே சிரிப்பு என்னை எதிர்கொண்டு அழைத்தது.

"வாட்டி ராணி" என்றாள் மைனி. "மாவுல போற வலிக்கா இத்தன நாளும் எங்கள ஆட்டி வச்ச? சொல்லியிருந்தா நானே உருட்டித் தந்திருப்பேனே. நம்ம வீட்டுல மாவுக்கா பஞ்சம்?"

முப்பிடாதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். உடம்பே மருந்து செய்கிறது, ஊசி அதை நிறுத்திக் காட்டியது, வலி மறுபடி வந்தது, அதனால் வலி உண்மை.

மைனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு, "ஒடம்பு தானே மருந்து செய்யுதா?" என்றாள்.

"ஆமா."

"ஒன் ஒடம்புதானே?"

"ஆமா."

"அப்பச் செய்யச் சொல்லுட்டி! இங்க ஒக்காந்து எனக்கு வெளக்கம் சொல்லுத நேரத்துக்கு அதுகிட்டச் சொன்னா ஆவும்லா?"

அதுதான் என் வயிற்றெரிச்சல். ஏனென்றால் அதே கேள்வியைத்தான் நானும் என் உடம்பிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தோள் பழையபடி ஆகிவிட்டது. ராத்திரி படுத்துக்கொண்டு, செய், செய், முன்னாடி செய்தாயே, இப்போது என்ன கேடு என்று மனசுக்குள் மிரட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். அது யார் பேச்சையும் கேட்கிற ஜாதி இல்லை.

முன்பு எனக்கு வலி என்றால் நம்பாதவர்களும் ஒரு சந்தேகத்துக்காவது, "சரி, செத்த நேரம் இருந்துட்டுப் பிழி" என்பார்கள். இப்போது அதுவும் போயிற்று. தீபாவளி ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. கை வலிக்கிறது என்றால், "மாவத் தின்னு" என்பார்கள். தோளைப் பிடித்தால் சிரிப்பார்கள். வலியோடு பிழிவது ஒரு கஷ்டம். சிரிப்புக்கு நடுவில் பிழிவது அதைவிடக் கஷ்டம். ஆக மொத்தம் நான் சோதனைக்குப் போய்ச் சம்பாதித்தது, இனி ஆயுசுக்கும் எனக்கு வலிக்கவே கூடாது என்கிற தீர்ப்பு. ஒரு நாள் முப்பிடாதியம்மாள் மட்டும் தனியாக வந்து காதோடு, "அந்த மாத்திர மிச்சம் கெடக்கா? மாவா இருந்தாலும் பரவால்ல, முட்டிக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள். அவளுக்கும் எப்போது கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. இவள்தான் சபையில் வாயைப் பொத்திச் சிரித்தவள்.

"மைனி, ஒங்களுக்குப் பல்வலி நின்னுச்சே, அதுக்கு என்ன சொல்லுதிய?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "அது தானா நின்னுச்சு" என்று முடித்துவிட்டாள் மைனி. அவள் வலி நிஜம், நின்றதும் அவள் சாமர்த்தியம்.

பொறுக்க முடியாமல் மாலதிக்குப் போன் போட்டேன். "இப்ப ஏன் செய்ய மாட்டேங்குது?"

"நாம கூப்பிட்டா வராது. நல்லது நடக்கப்போறதுன்னு உள்ள தானா தோணணும்" என்றாள். "ஆனா ஒண்ணு. இல்லாத வலிக்கு உடம்பு எதுக்கு மருந்து செய்யப்போறது? வலி இருந்ததாலதானே செஞ்சுது?"

"இத எங்க மைனிகிட்ட ஒருக்க வந்து சொல்லேன் தாயி."

"அதெல்லாம் வந்து பேச எங்களுக்குப் பர்மிஷன் இல்லை."

போனை வைத்தேன். உலகத்தில் என் வலியை நம்புகிற ரெண்டே பேருக்கும் எங்கள் சந்துக்கு வரப் பர்மிஷன் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம். கீழறையில் புகையும் வெக்கையும். மாவு இறுகிப்போயிருந்தது. நான் அச்சை அழுத்திப் பாதியில் நிற்கிறேன், தோள் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மைனி கையில் எண்ணெய் தெறித்தது.

"யம்மா!" கரண்டி பறந்தது. முப்பிடாதியம்மாள் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் ஓடினார். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

"கல்லு மாரி நிக்கா பாரு!" என்று கத்தினாள் மைனி. "கை வெந்து போச்சு, என்னன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாட்டி?"

எனக்குள் ஏதோ அறுந்தது.

"சுட்டுச்சா மைனி?"

"பெறவு குளுருமா?"

"ஆடிக்கொடையில தீச்சட்டி எடுத்தியளே, அன்னைக்குச் சுட்டுச்சா?"

மைனி முகம் மாறியது. வருஷா வருஷம் எங்கள் சந்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவள் அவள்தான். மஞ்சள் சேலை கட்டி, நாலு கொத்து வேப்பிலையை மட்டும் கையில் வைத்து, கங்கு நிறைந்த சட்டியை ஏந்திக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றி வருவாள். கொட்டுக்காரர்களே வேர்த்து ஒதுங்கி நடப்பார்கள். அவள் கையில் மறுநாள் ஒரு சிவப்பு இருக்காது.

"அது எப்பிடிச் சுடும்? ஆத்தா எறங்கி நிக்கும்போது சுடுமா?" என்றாள்.

"சுடல."

"சுடல."

"ஒரு சொட்டு எண்ணெய்க்கு இந்தக் குதி குதிக்கிற கை" என்றேன். "சட்டி நெறைய நெருப்ப ஏந்துனா சுடல. அப்பச் சட்டிக்குள்ள கெடந்தது நெருப்பு இல்ல மைனி. செவப்புக் காயிதம். அம்புட்டும் நாட்டக்."

முப்பிடாதியம்மாள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ராணி!" என்றார் என் வீட்டுக்காரர். இந்த வருஷத்தில் அவருக்கு அது ரெண்டாவது வார்த்தை.

நான் நிறுத்தவில்லை. "அப்பிடி நான் சொன்னா ஒங்களுக்கு எப்பிடி இருக்கு? நெருப்பு நெசம். ஒங்களுக்குச் சுடலைங்கிறதும் நெசம். ஆத்தாவ நம்பி எடுத்திய, சுடல. அதுக்காவ யாராவது நெருப்பே பொய்னு சொன்னாவளா? நான் ஒரு பிள்ளைய நம்பி ஒரு மாத்திரையத் தின்னேன், வலி நின்னுச்சு. எனக்கு மட்டும் வலியே பொய்யாயிருமா?"

சட்டியில் கிடந்த முறுக்கு கருகிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஆத்தாளையும் அந்த மாவையும் ஒரு தட்டுல வச்சிட்டியேட்டி" என்றாள் மைனி. குரல் கத்தலாக வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்து உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று முறுக்கு போடவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. முப்பிடாதியம்மாள் கோயிலுக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். என்னைக் கேட்காமல். நான் அழுதேன். ஆத்தாவைச் சொன்னதற்கு இல்லை; அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். இவ்வளவு கத்தியும் ஒருத்தருக்கும் என் தோள் காதில் விழவில்லையே, ஆத்தா பேரும் தீச்சட்டி பேரும்தானே விழுந்தது என்று அழுதேன்.

மறுநாள் காலையில் நானே மாவு பிசைந்து, நானே அடுப்பைப் பற்றவைத்தேன். ஆர்டர் காத்திருக்காது. அச்சை எடுக்கப் போகும்போது வாசலில் நிழல் விழுந்தது. மைனி. கையில் நேற்றுத் தெறித்த இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம். ஜல்லிக்கரண்டியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டதும், என்னைத் தள்ளிவிட்டு அச்சுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மாவை அடைத்தாள். அழுத்தினாள். வரவில்லை. பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினாள், ஒரு சுற்று வந்து அறுந்தது. மூன்றாவது முறுக்குக்கே மூச்சு வாங்கியது. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் என் மணிக்கட்டில் தெறித்தது. நான் கத்தவில்லை. கத்தினால் அவள் ஓடி வர வேண்டியிருக்கும்.

வெகுநேரம் கழித்து, அச்சிலிருந்து தலையைத் தூக்காமலே மைனி கேட்டாள்.

"எந்தத் தோளுட்டி?"

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை காலம் பொய், நடிப்பு, நாட்டக் என்று சொன்னாளே, எந்தத் தோள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"வலது" என்றேன்.

"ம்" என்றாள். அச்சை அழுத்தினாள். "அந்தக் கையால கரண்டியப் பிடிக்காத. மாத்திப் பிடி."

மாற்றிப் பிடித்தேன். அப்போது தோளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இளகியது. கழுத்துப் பக்கம் திரும்பி நிற்கிற அந்தக் கத்தி கொஞ்சம் பின்வாங்கியது. நான் அசையாமல் நின்று கவனித்தேன். ஆமாம், ஓமம் டப்பா எடுத்த அன்று இருந்த அதே இளக்கம்தான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, மாவுகூட இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஒரு வார்த்தைக்குப் போகிற வலியா என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.